வண்டியில் ஏறாமல் பார்த்த மலை ரயில்

முதல் முறை நீலகிரி மலை ரயிலில் போய்த் திரும்பிய இரவு, கேமராவில் இருந்த படங்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோதுதான் என் அசட்டுத்தனம் எனக்கே புரிந்தது. முந்நூற்றுச் சொச்சம் படங்கள். பள்ளத்தாக்கு இருந்தது, பாலம் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே நீண்ட யார் யாருடைய கைகளோ இருந்தன, என் மருமகள் வாயில் முறுக்குடன் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதைப் படம் எடுக்கப் போனேனோ அந்த நீராவி எஞ்சின் மட்டும் ஒரு படத்தில்கூட முழுசாக இல்லை. வளைவுகளில் பின்பக்கம் எழுந்த ஒரு வெள்ளைப் புகைமூட்டம் நாலைந்து படங்களில் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் எளியது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போது இந்த வண்டியில் எஞ்சின் முன்னால் இருப்பதில்லை. கடைசியில், அதாவது மலையின் இறக்கப் பக்கத்தில் நின்று, பெட்டிகளை முதுகால் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போகிறது. இணைப்பு ஏதேனும் விட்டுப்போனாலும் பெட்டிகள் எஞ்சினைத் தாண்டி உருண்டோடிவிட முடியாது என்பதே இந்த ஏற்பாட்டின் பயன். ஆகவே ஏறும் வண்டிக்கு எதிரே காத்து நிற்பவருக்கு முதலில் வருவது எஞ்சினின் முகமன்று, நீலமும் வெளிர்மஞ்சளும் பூசிய ஒரு பெட்டியும் அதன் முன்மேடையில் கொடியோடு நிற்கும், கைத்தடையை இயக்கும் ஊழியரான பிரேக்ஸ்மேனும்தான். ஓட்டுநர் பின்னால் இருப்பதால் முன்னே இருக்கும் பாதை அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, முதல் பெட்டிக்காரர் காட்டும் கொடியை அடுத்தவர் வாங்கி அதற்கடுத்தவருக்குக் காட்ட, அந்தக் கொடிச்செய்தி கை மாறிக் கை மாறி எஞ்சின் வரை போகிறது. நூறாண்டுகளுக்கு மேல் ஓடும் ஒரு வண்டி இன்றைக்கும் இப்படிப் பச்சைத் துணியை நம்பித்தான் மலையேறுகிறது என்பதை, உள்ளே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த நான் அன்று கவனிக்கவே இல்லை.

பாரம்பரிய ரயில்களைப் படம் எடுக்கிறவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் ஓர் உண்மை உண்டு: வண்டியைப் படம் எடுக்க வேண்டுமானால் அந்த வண்டியில் இருக்கக் கூடாது. ஆனால் இந்தப் பாதையில் அது பாதி உண்மைதான். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் உள்ள நிலையங்களில் சிலவற்றுக்கு வண்டியைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. தண்டவாளத்தின் மேல் நடந்து போவது சட்டப்படி குற்றம், அதோடு கல்லாறு பக்கத்துக் காடு யானைகளின் வழித்தடம். எனவே இரண்டு விதமாகவும் போக வேண்டியிருக்கிறது, ஒரு நாள் வண்டியில், ஒரு நாள் சாலையில். நான் ஐந்து முறை போயிருக்கிறேன். அவற்றுள் இரண்டு முறை வண்டியில் ஏறவே இல்லை.

பாதையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை சுமார் 46 கிலோமீட்டர், மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். சுமார் 330 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. இப்படியொரு பாதை வேண்டும் என்ற யோசனை 1854-இலேயே எழுந்தது. ஆனால் வேலை தொடங்கியது 1891-இல், குன்னூர் வரை வண்டி ஓடத் தொடங்கியது 1899-இல், உதகையைத் தொட்டது 1908-இல். பதினாறு குகைப்பாதைகள், இருநூற்றைம்பது பாலங்கள், இருநூற்றெட்டு வளைவுகள் என்று வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் ஒப்பிக்கும் கணக்கு சரியானதே. டார்ஜிலிங் மலை ரயில் 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2005-இல் அதன் நீட்சியாக நீலகிரியும், 2008-இல் கால்கா–சிம்லாவும் சேர்ந்தன. ஆனால் டார்ஜிலிங்கிலும் சிம்லாவிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. அது பல் வைத்த தண்டவாளம்.

அதைப் பார்க்கத்தான் இரண்டாம் முறை கல்லாற்றுக்குப் போனேன். மேட்டுப்பாளையத்தை விட்டு பவானியைக் கடந்து, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் சமதளத்தில் ஓடிவந்த வண்டி, கல்லாற்றைத் தாண்டியதும்தான் மலையைத் தொடுகிறது. அங்கிருந்து இரு தண்டவாளங்களுக்கும் நடுவில், அவற்றைவிடச் சற்று உயர்ந்து, பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் அருகருகே ஓடத் தொடங்குகின்றன. ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி அவற்றை மாற்றி அமைத்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் சுழலும்போது எந்தக் கணத்திலும் ஏதோ ஒரு பல்லாவது பிடிப்பில் இருந்துகொண்டே இருக்கும். ஸ்விட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் வகுத்த முறை என்பதால் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். டெலிஃபோட்டோ லென்ஸில் பார்த்தால் சட்டத்தின் பக்கங்கள் துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கறுத்திருக்க, பற்சக்கரம் உரசும் பல்லின் விளிம்பு மட்டும் தீட்டிய கத்தியைப்போல மின்னுவது தெரியும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், வழுவழுப்பான சக்கரத்தால் வழுவழுப்பான தண்டவாளத்தில் என்ன செய்ய முடியும்? அந்த மின்னும் விளிம்புகளே வண்டி முழுவதையும் மேலே ஏற்றுகின்றன.

வண்டி மேட்டுப்பாளையத்தை விட்டுக் காலை 7.10-க்குப் புறப்படும். நான் ஆறு மணிக்கே கல்லாற்றுக்கு வந்து, டிரைபாடை விரித்து, லென்ஸைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, சாலையோர டீக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் பெரியவர், வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க தம்பி, புகையைப் புடிக்க வந்தீங்களா, இஞ்சினைப் புடிக்க வந்தீங்களா?" சிரித்து மழுப்பினேன். ஆனால் கேள்வி கேள்விதான். இணையத்தில் நான் பார்த்து ஏங்கிய படங்கள் எல்லாம் புகைப் படங்களே. பச்சை மலை, சின்னதாக ஒரு வண்டி, அதன் மேல் பெரிதாக ஒரு புகைத்தூண். அழகில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றில் எஞ்சின் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டால் எந்தப் படமும் பதில் சொல்லாது.

அன்று வண்டி என்னைக் கடந்தபோது புகையை விட்டுவிட்டு சிலிண்டர்களைப் பார்த்தேன். இந்த எஞ்சின்களை எக்ஸ் வகுப்பு என்பார்கள். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் 1914 தொடங்கிக் கட்டப்பட்டவை, கடைசித் தொகுதி 1952-இல் வந்தது. சாதாரண நீராவி எஞ்சினுக்குப் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர் வெளியே தெரியும். இதற்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. சமதளத்தில் கீழ் சிலிண்டர்கள் மட்டுமே வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பற்சட்டத்தில் ஏறியதும், கீழே ஒருமுறை வேலை செய்து முடித்த நீராவியை வீணாக வெளியே விடாமல் மேல் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறார்கள். அழுத்தம் குறைந்துபோன அந்த நீராவிதான் பற்சக்கரங்களை இயக்குகிறது. மேல் சிலிண்டருக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே பல்லிணைப்பு இருப்பதால், மேலே உள்ள தண்டுகள் கீழே உள்ளவற்றைவிட வேகமாகவும் எதிர்த்திசையிலும் சுழல்கின்றன. கீழே நிதானமாக ஒரு நடை, மேலே அவசர அவசரமாக அதற்கு எதிர் நடை. முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு எஞ்சின் தன்னோடு தானே சண்டை போடுவதுபோலத் தோன்றும்.

இதைப் படத்தில் கொண்டுவர எனக்கு மூன்று பயணங்கள் பிடித்தன. ஷட்டரை ஐந்நூறில் ஒரு நொடிக்கு வைத்தால் எல்லாத் தண்டுகளும் உறைந்து, கண்காட்சியில் நிறுத்தி வைத்த எஞ்சின் போலாகிவிடும். முப்பதில் ஒரு நொடிக்கு இறக்கி, வண்டியோடு கேமராவையும் மெல்லத் திருப்பிக்கொண்டே எடுத்தால், கொதிகலன் தெளிவாகவும் தண்டுகள் இழுபட்டும் வரும். மேல் தண்டு அதிகமாகவும் கீழ்த் தண்டு குறைவாகவும் மங்கும். அந்த வேறுபாடுதான் எனக்கு வேண்டியிருந்தது. பற்சட்டப் பகுதியில் வண்டியின் வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது. ஓட்டமாக ஓடினால் கூடவே போய்விடலாம் என்ற வேகம். எனவே திருப்பி எடுப்பது கடினமன்று, கை நடுங்காமல் இருந்தால் போதும். என் கை நடுங்கியதற்குக் குளிரைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

கறுத்த எஞ்சினையும் வெள்ளை நீராவியையும் ஒரே படத்தில் அடக்குவது இன்னொரு தொல்லை. கேமராவின் தானியங்கி அளவீடு கறுப்பைப் பார்த்து இரக்கப்பட்டு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும். நீராவி இருந்த இடம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நீராவிக்கு ஏற்ப எக்ஸ்போஷரை ஒன்றரைப் படியாவது குறைத்து, ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுத்து, நிழல்களைப் பிறகு கணினியில் மெல்லத் தூக்கிக்கொள்வதே எனக்குப் பலித்த வழி. நீராவியில் உருண்டு திரண்ட மடிப்புகள் தெரிய வேண்டுமானால் சூரியன் அதற்குப் பின்னால் இருப்பது நல்லது. குளிர்ந்த காற்றில் நீராவி சீக்கிரம் துளியாகி, வெகுநேரம் கலையாமல் நிற்கிறது. அதனால் மார்கழி, தை மாதத்துக் காலைகளுக்கு ஈடில்லை. சித்திரை வெயிலில் அதே எஞ்சின் அதே ஏற்றத்தில் அதே அளவு மூச்சு வாங்கினாலும் கண்ணுக்குத் தெரிவது பாதிகூட இருக்காது.

திசையும் முக்கியம். குன்னூர் மலைச்சரிவு பெரும்பாலும் கிழக்கும் தென்கிழக்கும் பார்த்து இருப்பதால் காலையில் ஏறும் வண்டிக்கு வெயில் கிடைக்கிறது. உதகையிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டு இறங்கும் வண்டி கல்லாற்றை நெருங்குவதற்குள் மலை சூரியனை மறைத்துவிடும். போதாததற்கு இறங்கும்போது எஞ்சினுக்குத் தள்ளும் வேலை கிடையாது. சிலிண்டர்களையே காற்றை அழுத்தும் தடையாக மாற்றி, வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். புகை தேடுகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த இறக்கமும் பிடிக்கும்: பெட்டிதோறும் பிரேக்ஸ்மேன் கைத்தடையைத் திருகும் ஓசையும், இரும்பு சூடேறிய வாசனையும் ஏற்றத்தில் கிடைக்காதவை. வாசனையை எந்த லென்ஸிலும் பிடிக்க முடிவதில்லை என்பதுதான் குறை.

வண்டியில் போகிறவர்களுக்கு ஹில்குரோவ் ஒரு வரம். எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும் இடங்களில் ஒன்று அது. எல்லாரும் இறங்கி டீக்கும் வடைக்கும் பாய்வார்கள், குரங்குகள் அந்த வடைக்குப் பாயும், மிச்சம் இருப்பவர்கள் எஞ்சினோடு செல்ஃபி எடுக்க முண்டுவார்கள். நான் கண்ட வழி, கூட்டம் எஞ்சினின் ஒரு பக்கத்தில் மொய்க்கும் அந்தச் சில நிமிடங்களில் மேடையின் ஒரு கோடிக்குப் போய் நீண்ட லென்ஸோடு நின்றுவிடுவதுதான். தண்ணீர்க் குழாயின் கான்வாஸ் வாய் தொட்டிக்குள் இறங்குவதும், தொட்டி நிரம்பி வழிந்து எஞ்சினின் சூடான பக்கத்தில் பட்டு ஆவியாவதும், ஊழியர் ஒருவர் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளையைத் தண்டுகளுக்கு நடுவே நீட்டி மூட்டு மூட்டாக எண்ணெய் விடுவதும் அங்கேதான் நடக்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் எண்ணெய் விட்டபின் புறங்கையால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். சூடேறியிருக்கிறதா என்று சோதிக்கும் வழக்கம் அது. உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியை என் பாட்டி அப்படித்தான் தொட்டுப் பார்ப்பாள்.

அந்தப் படம் எனக்குக் கிடைத்தது. பின்னணியில் மங்கலாகக் கொதிகலன், முன்னே எண்ணெய் படிந்த ஒரு புறங்கை, அதன் கீழே ஒரு பித்தளைக் கிண்ணம். புகை ஒரு துளி இல்லை. ஐந்து பயணங்களில் எடுத்தவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

குன்னூரில் நீராவியின் வேலை முடிகிறது. அங்கிருந்து உதகை வரை பற்சட்டம் இல்லை, டீசல் எஞ்சின் இழுத்துப் போகிறது. கழற்றிவிடப்பட்ட நீராவி எஞ்சின் தனியாக ஷெட்டை நோக்கி நகர்வதைப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ரயில்வே கேட் பக்கமிருந்து பார்க்கலாம். ஷெட்டுக்குள் போக அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் வேலி வழியாக லென்ஸை நுழைத்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களால்தான் மற்றவர்களுக்கும் கெடுபிடி கூடுகிறது. பழைய ஸ்விஸ் எஞ்சின்களின் பெரிய பழுதுகள் திருச்சி பொன்மலைப் பணிமனையில் பார்க்கப்படுகின்றன. அதே பொன்மலை இந்த நூற்றாண்டில் இதே வகுப்பில் புதிய எஞ்சின்களைக் கட்டியும் அனுப்பியிருக்கிறது. அவை பெரும்பாலும் நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரிகின்றன. எண்ணெய் எஞ்சின் என்றால் அசலல்ல என்று மூக்கைச் சுளிக்கும் அன்பர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. நூறு வயதுப் பாதைக்கு நேற்றுக் கட்டிய எஞ்சின் கிடைக்கிறதென்றால், அந்தக் கைவேலை இன்னும் சாகவில்லை என்றுதானே பொருள்?

இதற்கு மாறான காட்சியையும் சென்னையில் பார்த்திருக்கிறேன். 1855-ஆம் ஆண்டைச் சேர்ந்த இஐஆர் 21 என்ற, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் நீராவி எஞ்சின், நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றபின், பெரம்பூர் லோகோ பணிமனையில் 2010-இல் உயிர்பெற்றது. எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே சிறப்பு நாட்களில் அதை ஓட்டுவார்கள். மாலை, தோரணம், துடைத்துத் துடைத்து மின்னும் பித்தளை, மேடை கொள்ளாத கூட்டம். மகிழ்ச்சியாகவே பார்த்தேன். ஆனாலும் அது ஊர்வலம். நீலகிரியில் எஞ்சின் வேலைக்குப் போகிறது. பயணச்சீட்டு வாங்கியவர்களை மலைமேல் ஏற்றிவிட வேண்டும், தண்ணீர் தீர்ந்தால் நிற்க வேண்டும், மழை வந்தால் அஞ்ச வேண்டும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றி எழுத முடியாது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை மூடப்படுவது ஆண்டுதோறும் கேட்கும் செய்தி. 1993 நவம்பரில் மரப்பாலம் பகுதியில் பெய்த பேய்மழை சாலையையும் ரயில் பாதையையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது. நான்காம் பயணத்தில் நானும் மாட்டிக்கொண்டேன். ஐப்பசியில் போகாதே என்று வீட்டில் சொன்னதைக் கேட்காமல், இரண்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்த சீட்டோடு சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினால், வண்டி ரத்து என்று பலகையில் எழுதியிருந்தது. நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தையும், மழையில் நனைந்த காலிப் பெட்டிகளையும் படம் எடுத்துக்கொண்டு பகல் பேருந்தில் கோவைக்குப் போனேன். அந்தப் படங்கள் மோசமில்லை.

சென்ற தை மாதம் போனபோது, அந்தப் புறங்கைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். ஹில்குரோவில் அதே ஊழியர், அதே எண்ணெய்க் குவளை. படத்தை நீட்டினேன். கையைப் பருத்திக் கழிவில் துடைத்துக்கொண்டு, ஓரம் கறையாகாமல் இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கை என்று தெரிந்துகொண்டு புன்னகைத்தார். பிறகு சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது சார். வூட்டுல மாட்டுறதுக்கு, புகையோட வண்டி வர்ற மாதிரி ஒண்ணு இருந்தாக் குடுங்களேன்."

வளைவில் புகைத்தூணோடு வண்டி வரும் படம் ஒன்று என்னிடம் இருக்கத்தான் செய்தது. அதை அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.